ஹோல்கா 120என்: யோசித்துவிட்டு அமுக்குங்கள்

ஹோல்கா என்ற பிளாஸ்டிக் ஃபிலிம் கேமராவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள்: யோசிக்காதே, குறி பார்க்காதே, கை போன போக்கில் அமுக்கு, வருவது வரட்டும். அந்தப் பேச்சை நம்பி இதை வாங்கி, ஒன்றிரண்டு ரோல் எடுத்து, மங்கலும் இருட்டுமாக வந்ததைப் பார்த்துவிட்டுக் கேமராவை அலமாரியின் மேல்தட்டுக்கு அனுப்பிவைத்தவர்களை எனக்குத் தெரியும். யோசிக்காமல் படமெடுக்க வேண்டுமென்றால் கைபேசி இருக்கிறது. நமக்காக யோசிக்க அதற்குள் ஒரு கணினியே உட்கார்ந்திருக்கிறது. ஹோல்காவுக்குள் பேட்டரி இல்லை, லைட் மீட்டர் இல்லை, தானாக ஃபோகஸ் செய்யும் ஏற்பாடு இல்லை. அத்தனை யோசனையும் நம் தலையில்தான் விழுகிறது. அதற்குத் தயாராக இருப்பவர்களுக்கு இதைவிடச் சுவாரசியமான பிளாஸ்டிக் டப்பா இன்னொன்று கிடையாது என்பேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பிழைப்புக்கு நான் செய்வது படம் திருத்தும் வேலை. அடுத்தவர் எடுத்த படத்தில் மூலை இருண்டிருந்தால் வெளுப்பாக்குவேன், நிறம் பிசகியிருந்தால் நேராக்குவேன், தேவையில்லாத ஒளிக்கீற்றைத் துடைப்பேன். அதாவது, ஹோல்கா என்னவெல்லாம் செய்யுமோ அதையெல்லாம் நீக்கத்தான் எனக்குச் சம்பளம். இந்தக் கேமராவின் குறைகளைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசினால் அது தொழில் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

120என் ஒரு மீடியம் ஃபார்மட் கேமரா. இதில் போட வேண்டியது 35 மி.மீ. ஃபிலிம் அல்ல, 120 ரோல். கோடாக் 1901இல் தன் பிரௌனி பெட்டிக் கேமராவுக்காகக் கொண்டுவந்த அதே ரோல்தான். ஹாசல்பிளாட் போன்ற பெரிய இடத்துக் கேமராக்களும் இதையேதான் சாப்பிடுகின்றன. படம் 6க்கு 6 செ.மீ. சதுரம், ரோலுக்கு 12. உள்ளே இருக்கும் சட்டத்தை மாற்றினால் 6க்கு 4.5 செ.மீ., ரோலுக்கு 16. சதுரத்தில் எடுக்கும்போது நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ. படத்தைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகம். ஹோல்காவின் நிஜமான பலம் இந்தப் பரப்பில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். லென்ஸ் எவ்வளவு சுமாராக இருந்தாலும், பெரிய நெகட்டிவை அதிகம் பெருக்க வேண்டியதில்லை. அதனால் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே இருக்கும் சாம்பல் படிகள் நொறுங்காமல் வரும். இதே மாதிரி லென்ஸை 35 மி.மீ. ஃபிலிமுக்கு முன்னால் வைத்தால் மங்கல் மட்டும்தான் மிஞ்சும்.

இதை லீ டிங்-மோ என்பவர் ஹாங்காங்கில் வடிவமைத்தார். 1982இல் விற்பனைக்கு வந்தது. அன்றைய சீனாவில் 120 ரோல்தான் எளிதாகக் கிடைத்தது, சாதாரணக் குடும்பங்கள் வாங்கும்படியான ஒரு கேமரா வேண்டும் என்பது கணக்கு. ஆனால் கொஞ்ச காலத்திலேயே 35 மி.மீ. அங்கே பரவிவிட, கணக்கு தப்பியது. அப்புறம் மேற்கு நாடுகளின் மாணவர்களும் கலைஞர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் பர்னெட் 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் பிரசாரத்தில் ஆல் கோரை ஹோல்காவில் எடுத்த படம் பரிசு வாங்கியது. 2015இல் தயாரிப்பு நின்றே போனது. 2017இல் மீண்டும் வந்தது. இப்போது புதிதாக வாங்கலாம், பழையதும் கிடைக்கிறது.

கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது கட்டுமானத்தின் லட்சணம். பின்பக்கம் கீலில் திறக்காது, சோப்பு டப்பா மூடி போல முழுதாகக் கழன்று வரும். அதைப் பிடித்து வைத்திருப்பவை பக்கவாட்டில் இருக்கும் இரண்டு உலோகக் கிளிப்புகள். கழுத்தில் மாட்டும் வாரையும் அதே கிளிப்புகளில்தான் கோத்திருக்கிறார்கள்! கேமரா வாரில் தொங்கும்போது கிளிப் மேலே நகர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் கேமரா தரையில் கிடக்கும், ரோல் வெயிலில் விரிந்து கிடக்கும். இதை யார் யோசித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம். வாரைக் கழற்றிவிடுங்கள், அல்லது கிளிப்புகள் மேல் நல்ல கருப்பு டேப்பை ஒட்டிவிடுங்கள். டேப் எப்படியும் தேவைப்படும்.

லென்ஸ் என்பது ஒற்றைப் பிளாஸ்டிக் வில்லை, 60 மி.மீ. சதுர நெகட்டிவில் இது லேசான வைட் லென்ஸ் மாதிரி வேலை செய்யும். நடுவில் ஓரளவு கூர்மை, ஓரத்துக்குப் போகப் போகக் கரைசல், மூலையில் இருட்டு. மூலை இருட்டைக் கைபேசி ஆப்களும்தான் போட்டுத் தருகின்றன, அதற்கு எதற்கு ஃபிலிம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆப் போடும் இருட்டு அச்சில் வார்த்த வட்டம். படத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, எல்லாவற்றின் மேலும் ஒரே அளவில் கருப்பு பூசும். ஹோல்காவில் மூலை இருண்டுகொண்டே கரையவும் செய்கிறது, நிற விளிம்புகளும் பிரிகின்றன. என் கேமராவில் நான்கு மூலையும் ஒரே மாதிரி கிடையாது. கீழ் இடது மூலை மற்ற மூன்றைவிடச் சீக்கிரம் இருளும். நண்பரின் கேமராவில் வேறு மூலை. இது ரோலுக்கு ரோல் மாறுவதில்லை என்பதுதான் முக்கியம். மாறாத குறையை நம்பித் திட்டம் போடலாம். எதை நடுவில் வைப்பது, எதை அந்த மூலையில் தள்ளி முழுங்க விடுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம். குப்பைத் தொட்டி, மின்கம்பி, பாதி தெரியும் பைக் எல்லாவற்றையும் நான் கீழ் இடது மூலைக்குத்தான் அனுப்புவேன்.

ஃபோகஸ் வளையத்தில் எண்கள் இல்லை, படங்கள்தான்: ஒரு ஆள், சின்னக் குடும்பம், பெரிய கூட்டம், மலை. சுமாராக 1 மீட்டர், 2 மீட்டர், 6 மீட்டர், 10 மீட்டருக்கு மேல். ஃபோகஸ் தப்பினால் வ்யூஃபைண்டரில் தெரியாது, ஏனென்றால் அது லென்ஸ் வழியே பார்ப்பதில்லை, ஓரத்தில் பொருத்திய வெறும் ஜன்னல். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு ரோல் முழுக்க எடுத்து முடிக்கலாம், கேமரா ஒரு வார்த்தை சொல்லாது. அதனால் தூரத்தை வாயால் சொல்லிப் பழக வேண்டும். குடும்பப் படத்தில் வைத்தால் கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை சரியாக வரும். எனக்குப் பிடித்த ஹோல்கா படங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள் நின்றவைதான். நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர், படிக்கட்டில் படுத்த நாய், கொடியில் காயும் துணி. மலையையும் கடலையும் இதில் எடுத்து ஏமாறாதவர் இல்லை. தூரத்துப் பொருள் சின்னதாக நடுவில் ஒடுங்கி, மீதிச் சதுரம் பூராவும் சாம்பலாகக் கிடக்கும்.

வளையத்தின் படங்களையும் முழுசாக நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு கேமராவும் கொஞ்சம் முன்பின்னாக வருகிறது. சோதிக்க எளிய வழி உண்டு. பின்மூடியைக் கழற்றி, ஃபிலிம் ஓடும் இடத்தில் மங்கலான ஒட்டும் டேப்பை இழுத்து ஒட்டுங்கள். கீழே இருக்கும் சிறு சுவிட்சை பி-க்கு (அமுக்கியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை) தள்ளி, ஷட்டர் நெம்புகோலை அமுக்கிப் பிடித்துக்கொண்டால் டேப்பின் மேல் தலைகீழாகப் படம் விழும். இரண்டு மீட்டர் தள்ளி விளக்கு ஒன்றை வைத்து வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், உங்கள் கேமராவின் இரண்டு மீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள். சோதனை முடிந்ததும் சுவிட்சை மறக்காமல் ‘என்’ எழுத்துக்கு, அதாவது சாதாரண நிலைக்கு, திருப்பிவிடுங்கள். அந்தச் சுவிட்ச் பையில் உரசினாலே நகரக்கூடியது, தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி வெளிச்சம். மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். லென்ஸைச் சுற்றி 1:8, அதாவது எஃப் 8 என்று எழுதியிருக்கும், ஆனால் உண்மையான திறப்பு எஃப் 13க்குப் பக்கத்தில் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிது). ஷட்டர் ஒரே வேகம், சுமார் 1/100 வினாடி. மாற்ற முடியாது. அப்படியானால் நாம் தேர்ந்தெடுக்கக் கூடியவை இரண்டே: ஃபிலிமின் வேகம் (வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் வாங்கிக்கொள்ளும் என்பது, ஐ.எஸ்.ஓ. எண்ணால் சொல்வார்கள்), எந்த வெளிச்சத்தில் நிற்பது என்பது.

பழைய வெயில் கணக்கு இருக்கிறதே, உச்சி வெயிலில் எஃப் 16 வைத்து, ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஷட்டர் வேகமாக வைப்பது, அதைக் கொண்டு பார்ப்போம். ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமுக்கு 1/400 வினாடி வேண்டும். ஹோல்கா கொடுப்பது எஃப் 13, 1/100. ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு. இங்கே வருவது தேவையைவிட இரண்டரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல், அதாவது ஆறு மடங்கு வெளிச்சம். பயப்பட வேண்டாம், நெகட்டிவ் ஃபிலிம் அதிகத்தைப் பொறுத்துக்கொள்ளும். மேகமூட்டமான பகலில் இதே கணக்கு அரை ஸ்டாப் அதிகம் என்று வரும். அதுதான் கச்சிதமான இடம். திறந்தவெளி நிழலில் அரை ஸ்டாப் போலக் குறையும், சமாளிக்கலாம். வீட்டுக்குள் போனால் ஆறு ஸ்டாப் வரை பற்றாக்குறை. அங்கே நெகட்டிவில் எதுவும் பதியாது. பதியாததை எந்த லேபும் எடுத்துத் தர முடியாது, நானும் திருத்தித் தர முடியாது. மக்கள் ஏமாறுவது இங்கேதான். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறதே என்று ஹாலில் நின்று பன்னிரண்டையும் எடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே என் வழக்கம் 400 மட்டும்தான். இல்ஃபோர்ட் ஹெச்.பி.5 பிளஸ், கோடாக் டிரை-எக்ஸ், கலர் என்றால் போர்ட்ரா 400. கருப்பு வெள்ளை கழுவ அருகில் ஆள் இல்லாதவர்கள் இல்ஃபோர்ட் எக்ஸ்.பி.2 சூப்பரைப் பார்க்கலாம். கலர் ஃபிலிமின் சி-41 முறையிலேயே கழுவக்கூடிய கருப்பு வெள்ளை அது, அதிக வெளிச்சத்தை அலட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளும். நெகட்டிவாக இல்லாமல் நேரடிப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமை இதில் போடாதீர்கள். அதற்கு அரை ஸ்டாப் பிசகினாலே முகம் சுளிக்கும் சுபாவம்.

லென்ஸ் மேல் சூரியனும் மேகமும் வரைந்த சுவிட்ச் ஒன்று உண்டு. பழைய ஹோல்காக்களில் அது சும்மா அலங்காரம். சூரியனுக்கான தகட்டின் ஓட்டை பின்னால் இருக்கும் நிரந்தரத் திறப்பைவிடச் சின்னதாக இல்லாததால், எங்கே தள்ளினாலும் அதே வெளிச்சம். பிற்பாடு வந்தவற்றில் இதைச் சரிசெய்து, சூரியன் பக்கம் எஃப் 20 அளவுக்குக் குறையும்படி வைத்தார்கள். உங்களுடையது எந்த ரகம் என்று பார்க்க, பின்மூடி இல்லாமல் பி-யில் அமுக்கிப் பிடித்து, சுவிட்சை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டே லென்ஸ் வழியாகப் பார்த்தால் போதும்.

ரோல் மாட்டுவது சுலபம்தான், நிழலில் நின்று செய்ய வேண்டும். சுற்றிக்கொண்டே பின்னால் இருக்கும் சிவப்பு ஜன்னலில் 1 என்ற எண் வரும்வரை போக வேண்டும். ஜன்னலின் குறி 12இல் இருக்கிறதா 16இல் இருக்கிறதா என்பது உள்ளே போட்ட சட்டத்தோடு பொருந்த வேண்டும். எடுத்த பக்கச் சுருள் தளர்வாகச் சுற்றிக்கொள்வது இந்தக் கேமராவின் பிறவிக் குணம். கடைசியில் கழற்றும்போது உருளை தொளதொளவென்று இருந்தால் ஓரங்களில் வெளிச்சம் புகுந்துவிடும். ஃபிலிம் வந்த அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து மடித்துச் சுருளுக்கு அடியில் செருகுங்கள், இறுக்கமாகச் சுற்றும். வெளிச்சக் கசிவுக்கு முழுத் தீர்வு கருப்பு டேப்: மூடி சேரும் விளிம்பு முழுக்க, சிவப்பு ஜன்னலின் மேல் தூக்கி மூடும் மடிப்பாக ஒன்று. கசிவு இல்லாவிட்டால் ஹோல்கா மாதிரியே இருக்காதே என்பார்கள் சிலர். இருக்கும். கசிவு நம் கணக்குக்கு வராதது, எந்தப் படத்தின் மேல் விழும் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் நல்ல படத்தின் மேல்தான் விழும். லென்ஸின் குறைகளை வைத்துக்கொண்டு கசிவை அடைப்பது என் கட்சி.

ஷட்டருக்கும் சுற்றும் குமிழுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சுற்றாமலே எத்தனை தடவை வேண்டுமானாலும் அமுக்கலாம். எடுத்த உடனே சுற்றிவிடுவது என்று ஒரே பழக்கத்தை வைத்துக்கொண்டால் இரண்டு படம் ஒன்றன்மேல் ஒன்று தவறிப்போய் விழாது. வேண்டுமென்றே விழவைப்பது தனி இன்பம். வெளிச்சம் கூட்டிக்கொண்டே போகும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, முதல் படத்தில் கருத்த பகுதி நிறைய இருக்கும்படி எடுங்கள். இரண்டாவது படம் அந்தக் கருப்புக்குள்தான் குடியேறும். இன்னொரு வித்தை இதைவிட எனக்குப் பிரியமானது. சதுரச் சட்டத்தைப் போட்டுவிட்டு ஜன்னலை 16இல் வைத்துச் சுற்றினால், ஒவ்வொரு படமும் அடுத்ததன் மேல் ஒரு செ.மீ. போல ஏறிக்கொள்ளும். கேமராவை இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே எடுத்தால் ஒரு நீண்ட சுவரோ, பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையோ ஒரே நாடாவாக வரும். மடிப்பு விழுந்த இடங்களில் ஆட்கள் இரண்டு முறை இருப்பார்கள், சிலருக்குக் கால் மட்டும் இருக்கும்.

இப்படி எடுத்தால் லேபில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: நெகட்டிவை வெட்டாதீர்கள், சுருளாகவே கொடுங்கள். சொல்லியும் ஒரு லேபில் என் நீண்ட சுவரை மூன்று மூன்று படமாக, ஒழுங்காக நறுக்கி, உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்கேனிலும் ஒரு விஷயம். இயந்திரத்தைத் தன் போக்கில் விட்டால் இருண்ட மூலையைப் பார்த்துப் பதறி மொத்தப் படத்தையும் வெளுப்பாக்கிவிடும், முகம் சுண்ணாம்பாகிவிடும். திருத்தம் எதுவும் செய்யாமல் தட்டையாக ஸ்கேன் செய்து தாருங்கள் என்று கேளுங்கள். மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். என் தொழில்காரர்கள் வருத்தப்பட்டாலும் சரி.

மாற்று வேண்டுமென்றால்? டயானா எஃப் பிளஸ் இருக்கிறது. 1960களின் ஹாங்காங் டயானாவை லோமோகிராஃபி நிறுவனம் 2007இல் புதுப்பித்தது. லென்ஸைக் கழற்றி மாற்றலாம், ஊசித்துளைக் கேமராவாகவும் ஆக்கலாம். படம் ஹோல்காவைவிட இன்னும் குழைவாக வரும். எனக்கு அது அளவுக்கு மீறிய குழைவு, உங்களுக்குப் பிடிக்கலாம். 120 ரோல் கழுவ வழியே இல்லாத இடத்தில் இருப்பவர்கள் 35 மி.மீ. பக்கம் போவதுதான் உசிதம். கோடாக் பெயரில் 2022இல் வந்த எக்டார் ஹெச்35 அரைப் பிரேம் கேமரா, 36 படச் சுருளில் 72 படம் தரும், ஃபிளாஷும் உண்டு. வீட்டுக்குள் எடுக்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஹோல்காவைவிட அது பொருத்தம். ஆனால் அங்கே அந்தப் பெரிய நெகட்டிவ் இல்லை, அரைப் பிரேமில் தானியம்தான், அதாவது ஃபிலிமின் புள்ளிப் புள்ளியான சொரசொரப்புதான், முதலில் கண்ணில் படும்.

குழந்தையின் பிறந்தநாளுக்கோ, திரும்ப வராத நிகழ்ச்சிக்கோ ஹோல்காவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முதல் கேமராவாகவும் யாருக்கும் வாங்கிக் கொடுக்க மாட்டேன். வெளிச்சத்தின் கணக்கு கொஞ்சமாவது தெரிந்தவர் கையில்தான் இது பேசும். ஏற்கெனவே நல்ல கேமரா வைத்திருந்து, எல்லாப் படமும் ஒரே மாதிரி பளிச்சென்று வருகிறதே என்று சலித்தவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்.

பழையதை வாங்குவதானால் நேரில் பார்த்து வாங்குங்கள். நெம்புகோலைப் பத்துப் பதினைந்து முறை அமுக்குங்கள், ஒவ்வொரு முறையும் அதே சத்தம் வர வேண்டும், ஒரு தடவைகூட ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஃபோகஸ் வளையம் கடைசிவரை திரும்புகிறதா, கிளிப்புகள் இரண்டும் இருக்கின்றனவா, சட்டம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் தொலைந்த கேமராக்கள் நிறையச் சுற்றுகின்றன. லென்ஸில் லேசான கீறல் இருந்தால் கவலைப்பட வேண்டாம், அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.